முதலில் போன், பிறகு கண்

“முதல்ல போனைக் காட்டுங்க. கண்ணை அப்புறம் பார்த்துக்கலாம்” என்று கையை நீட்டுகிறார் அவர். வந்தவரோ கண்ணைக் காட்ட வந்தவர். ஒரு கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, இடம் மாறி வந்துவிட்டோமோ என்று வாசல் கதவை மறுபடியும் திரும்பிப் பார்க்கிறார். கதவில் கண் மருத்துவமனை என்றுதான் எழுதியிருக்கிறது. வேறு வழியில்லாமல் போனை எடுத்து நீட்டுகிறார். அதற்குள் அந்த அம்மாள் முகத்தை முழுதாகச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, “பூட்டைத் திறந்து குடுங்க. நான் பார்க்க மாட்டேன்” என்கிறார்.

இங்கே எல்லோருக்கும் அவர் சொட்டக்கா. ஐம்பதைத் தொட்டிருக்கும் வயது. காதோரம் மட்டும் நரைத்த தலை, எப்போதும் முழங்கைக்கு மேல் மடித்துவிட்ட ரவிக்கைக் கை, மூக்கு நுனியில் படிக்கிற கண்ணாடி, கையில் சொட்டு மருந்துக் குப்பி. மருந்து சில்லென்று இருந்தால் கண் மூடிக்கொள்ளும் என்று குப்பியை உள்ளங்கைக்குள்ளேயே வைத்துச் சூடாக்கிக்கொண்டு இருப்பார். அவருக்கு வேலை மூன்று. டோக்கன் கூப்பிடுவது, சொட்டு மருந்து விடுவது, வைஃபை கொடுப்பது. சம்பளம் முதல் இரண்டுக்கு மட்டும்தான். அக்கறை பூராவும் மூன்றாவதன் மேல்.

அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மருத்துவமனை தரைக்குக் கீழே உள்ள தளத்தில் இருக்கிறது. பதினான்கு படி இறங்க வேண்டும். ஒன்பதாவது படியிலேயே போனில் சிக்னல் செத்துவிடும். உள்ளே வந்தால், கண்மணியை விரியவைக்கும் சொட்டு மருந்து. விட்ட அரை மணியில் கிட்டத்தில் இருப்பதெல்லாம் மசமசவென்று ஆகிவிடும். அதோடு ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும். வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் வைஃபைதான் கதி. அதற்குப் பாஸ்வேர்ட் அடிக்க வேண்டும் என்றால், தன் விரல்நகமே தெரியாத மனிதர் எதைப் பார்த்து அடிப்பார்? அதனால்தான் போன் முதலில், கண் பிறகு. இந்த வரிசையைச் சொட்டக்கா யாருக்காகவும் மாற்ற மாட்டார்.

என் உடம்பில் உள்ள சர்க்கரை கண் வரைக்கும் ஏறிவிட்டதால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இங்கே வந்து உட்காருகிறேன். மூன்று வருடமாகிறது. மருந்து விடுவதற்கு முன்னால் கிடைக்கும் இருபது நிமிடத்தில் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பிற்பாடு நடந்ததெல்லாம் எனக்கு உருவமாகவும் குரலாகவும்தான் தெரியும்.

கூடத்தின் சுவரில் மூன்று அளவில் கட்டம் கட்டமான கருப்பு வெள்ளைப் படம் ஒட்டியிருக்கிறார். கேமராவை அதன் எதிரே பிடித்தால் போதும், போன் தானாகவே வைஃபையில் சேர்ந்துகொள்ளும். மூன்றில் பெரியது, எதிர்ச்சுவரை ஏறக்குறைய அடைத்துக்கொண்டு நிற்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதைக் கண் பரிசோதனை என்றே நினைத்துவிடுகிறார்கள். ஒரு பெரியவர் எழுந்து நின்று, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, வெகு நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கலங்கிப்போய்ச் சொன்னார்: “கட்டம் கட்டமாத்தாம்மா தெரியுது. ஒரு எழுத்துகூடத் தெரியலயே.”

“அது எழுத்தே இல்லைங்க ஐயா. வைஃபை. உக்காருங்க, உங்க கண்ணுக்கு ஒன்னும் ஆகல.”

மேசை மூலையில் ஒரு வில்லை ஒட்டியிருக்கும். சில போன்கள் அதைத் தொட்டாலே சேர்ந்துவிடும். “உங்க போனை இங்க ஒரு முத்தம் குடுக்கச் சொல்லுங்க” என்பார். மடிக்கணினியோடு வருகிறவர்களுக்கு இழுப்பறையிலிருந்து ஒரு மஞ்சள் கம்பி வெளியே வரும். ஒரு முனையைச் சுவரில் சொருகி மறுமுனையைக் கொடுத்துவிட்டு, “இதுக்கு ரகசியமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சொருகுங்க, வேலையைப் பாருங்க” என்பார். கூட்டம் நெரிகிற நாளில் அவரே எழுந்திருக்க மாட்டார். ஏற்கனவே சேர்ந்திருக்கும் ஒருவரைக் காட்டி, “அவர் போன்ல பகிர்ற இடம் இருக்கும், அதைத் திறந்தா இதே படம் வரும். நீங்க அவர் பக்கத்துல உக்காந்து வாங்கிக்குங்க” என்று இரண்டு பேரை ஒட்டி உட்காரவைத்துவிடுவார். இப்படிப் போனைக் காட்டி வாங்கிய இருவர் பிறகு கல்யாணமே செய்துகொண்டார்கள் என்பது அவர் கட்சி. “ரெண்டாவது வரிசை, கடைசி ரெண்டு நாற்காலி. சும்மா சொல்லல” என்று இடத்தையே காட்டுவார். அந்த நாற்காலிகளில் ஒன்றில் மூன்று வருடமாக உட்காருகிறேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் புரை விழுந்தவர்கள்.

பாஸ்வேர்ட் என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. அதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஆரம்பத்தில் அவரும் எல்லோரையும் போல வாயால்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி ஒருவர், மருந்து விட்ட கண்ணோடு பதின்மூன்று முறை அடித்தார். பதின்மூன்று முறையும் தவறு. “பெரிய எஸ் போடுங்க, அப்புறம் ஒன்னு, எழுத்து இல்ல, எண் ஒன்னு, அப்புறம் சைபர், ஓ இல்ல” என்று சொட்டக்கா தொண்டை வற்றக் கத்தியதில், கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது மனப்பாடமாகிவிட்டது. அந்த அதிகாரிக்கு மட்டும் ஆகவில்லை. ஊர் வாயை மூட முடியுமா? மேல் தளத்து உடற்பயிற்சிக்கூடத்தில் ஓடுகிறவர், தூக்குகிறவர் எல்லோரும் ஒரு வாரத்தில் இந்த வைஃபைக்குள் வந்துவிட்டார்கள். டாக்டரின் கணினி மூச்சுத் திணறியது. டாக்டர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, நோயாளிகளுக்கென்று தனியாக ஒரு விருந்தினர் இணைப்பும் வைத்துவிட்டு, “வைஃபை எல்லாருக்கும் குடுங்க. பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியக் கூடாது” என்றார்.

யாருக்கும் என்பதில் தானும் அடக்கம் என்று சொட்டக்கா எடுத்துக்கொண்டார். டாக்டர் காகிதத்தில் எழுதிக் கொடுக்க வந்தபோது இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாராம். “எனக்கு வேண்டாம் டாக்டர். தெரிஞ்சா வாய் சும்மா இருக்காது.” அப்போது அச்சடித்து வாங்கியவைதான் அந்தப் படங்கள். ஒரு நாள் கணினி படிக்கும் பெண்ணொருத்தி வந்து, “ஆன்ட்டி, இந்தப் படத்துக்குள்ளேயே பாஸ்வேர்ட் இருக்கு தெரியுமா?” என்று விவரம் சொல்லப் பார்த்தாள். சொட்டக்கா அசரவில்லை. “வயித்துக்குள்ளதான் குடல் இருக்கு. யாரு எடுத்துப் பார்த்துட்டு இருக்காங்க?” என்று சொல்லி, அவள் கண்ணிமையைத் தூக்கி ஒரு சொட்டு விட்டார்.

வீட்டிலும் இதே கதைதான். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக், வாயைத் திறந்து பேசுவது குறைவு. கூடத்தில் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் கட்டப்படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களாம். வருகிற சொந்தக்காரர்கள் முதலில் அதைப் பார்க்கிறார்கள், பிறகுதான் வீட்டில் இருப்பவர்களை. கொழுந்தனார் வருகிற சத்தம் மாடிப்படியில் கேட்டால் மட்டும் சொட்டக்கா அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவிடுவார். “வந்தா மூணு சினிமாவை டவுன்லோட் பண்ணிட்டுத்தான் போவான். சாப்பாடு போடுறேன், படுக்கப் பாய் குடுக்குறேன். இது மட்டும் முடியாது.”

இவ்வளவு வழிகளுக்கும் மேலே, கடைசியாக ஒன்று இருக்கிறது. பட்டன். வைஃபைப் பெட்டியின் பின்பக்கம் ஒரு சின்னப் பட்டன் உண்டு. அதைத் தொட்டு எடுத்தால், இரண்டு நிமிடத்துக்குக் கதவு திறந்திருக்கும். அந்த இரண்டு நிமிடத்துக்குள் கேட்கிற கருவியைப் பெட்டி கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும். அச்சு இயந்திரத்தை அப்படித்தான் சேர்த்தார்கள். அந்த ஒரே பட்டனுக்கு இன்னொரு வேலையும் இருப்பதுதான் சங்கடம். “அஞ்சு எண்ணுற வரைக்கும் அமுக்கிட்டே இருந்தோம்னா எல்லாத்தையும் மறந்துட்டு உக்காந்துடும், எங்க மாமனார் மாதிரி” என்றார் ஒரு நாள். பெட்டி இருப்பது டாக்டரின் அறையில், உயரத் தட்டில். டாக்டர் இருட்டறையில்தான் கண் பார்ப்பார். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் ஈ காக்கை உள்ளே போகக் கூடாது. சொட்டக்காவுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு முறை விளக்கு எரியும்போது கதவைத் திறந்துவிட்டார். மறுநாள் நாற்காலி காலியாக இருந்தது. சொட்டக்கா பதினொரு வருடமாக அந்தக் கதவின் கைப்பிடியைத் துடைப்பதற்குக்கூட விளக்கு அணைகிற வரை காத்திருக்கிறார்.

போன முறை நான் போயிருந்த அன்று, வெல்டிங் வேலை செய்கிற ஓர் இளைஞரைப் பட்டறைக்காரர் கைத்தாங்கலாகப் படியிறக்கிக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். முப்பது வயது இருக்கும். இரண்டு கண்ணும் கோவைப்பழம். திறக்கவே முடியவில்லை. முந்தின நாள் மாலை முகமூடி போடாமல் அவசர அவசரமாக ஒரு கிரில் கதவை முடித்திருக்கிறார். இரவெல்லாம் கண்ணில் மணலைக் கொட்டியது போல வலி. பல்லைக் கடித்துக்கொண்டு, வாய்விட்டு முனகக் கூச்சப்பட்டு, நாற்காலியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். டாக்டர் வாசலிலேயே பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் வலி மருந்தும் விரியவைக்கிற மருந்தும் விடச் சொல்லிவிட்டு உள்ளே போனார். சிவப்பு விளக்கு எரிந்தது. சொட்டக்கா போனைக் கேட்கவில்லை. “தலையைச் சாய்ங்க தம்பி, ஒன்னும் இல்ல, ஒன்னும் இல்ல” என்று நேராகக் கண்ணுக்குப் போய்விட்டார். நான் பார்த்த மூன்று வருடத்தில் வரிசை மாறியது அன்றைக்குத்தான்.

அரை மணி கழித்து, எனக்கும் மருந்து விட்டு எல்லாம் மங்கியிருந்த நேரத்தில், அவருக்கு வலி அடங்கியது. அவர் கண்ணைத் திறந்தார். பையிலிருந்து போனை எடுத்து மூக்குக்கு நேரே பிடித்தார், பிறகு தள்ளிப் பிடித்தார். “அக்கா, இங்க டவர் இல்லையா?”

“இல்ல தம்பி. எதுக்கு?”

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. பக்கத்து நகரத்து மருத்துவமனையில் அவர் மனைவிக்கு விடிகாலையில் குழந்தை பிறந்திருக்கிறது. ஒரு மாதம் முன்னதாகவே. பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். முந்தின நாளே வலி கண்டு மனைவியை அங்கே சேர்த்துவிட்டதால், காலை பஸ்ஸில் போவதற்காகத்தான் அவசரமாக வேலையை முடித்திருக்கிறார். இந்தக் கண்ணோடு பஸ்ஸும் போயிற்று. அந்த வார்டில் யாரையும் உள்ளே விட மாட்டார்களாம். நாளுக்கு ஒரு முறை, பதினொன்றரைக்கு, நர்ஸ் வார்டு போனிலிருந்து அப்பாவின் எண்ணுக்கு வீடியோவில் கூப்பிட்டுக் குழந்தையைக் காட்டுவார். பதிவு செய்த எண்ணுக்கு மட்டும்தான். எடுக்காவிட்டால் அடுத்த அப்பாவுக்குப் போய்விடுவார்.

“நாளைக்குத்தான் மறுபடியும். நாளைக்கு வரைக்கும்...” என்றவர் போனை மடியில் வைத்தார். மேலே கேட்க எனக்கு மனம் வரவில்லை.

மணி பதினொன்று பதினேழு. சொட்டக்கா தலையில் அடித்துக்கொண்டார். “போனைக் கேக்காம விட்டுட்டேனே! என் புத்தியை என்ன சொல்றது?” மேலே தெருவுக்குக் கூட்டிப்போகலாம், சிக்னல் உண்டு. ஆனால் அந்த உச்சி வெயிலில், அந்த மருந்து விட்ட கண்ணைத் திறந்தால் போன் என்ன, எதிரே மலையே நின்றாலும் தெரியாது. சொட்டக்கா இளைஞரின் போனை வாங்கி முதலில் சுவர்ப் படத்துக்கு நேரே பிடித்தார். தீப்பொறி பட்டுப் பட்டுக் கேமராவின் கண்ணாடி பொரிந்துபோயிருந்தது. போனுக்கும் அதன் முதலாளிக்கும் ஒரே நோய். மூன்று படத்திடமும் போய் நின்றார். ஒன்றும் ஆகவில்லை. மேசை மூலையில் வைத்து முத்தம் கொடுக்கச் சொன்னார். அதற்கு முத்தம் கொடுக்கத் தெரியவில்லை. என் போனில் பகிர்கிற படத்தைத் திறந்தார். அதைப் பார்க்கவும் கேமராதானே வேண்டும்? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மஞ்சள் கம்பியைக்கூட ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போட்டார்.

“என்ன போன் தம்பி இது?”

“ரொம்பப் பழசுக்கா. மாத்தணும்னு...”

“பழசா?” சொட்டக்காவின் குரல் மாறியது. “அப்ப பெட்டில இருக்குற மாதிரி இதுலயும் ஒரு பட்டன் இருக்கும். புதுசுலதான் எடுத்துட்டானுங்க பாவிங்க.” விறுவிறுவென்று போனுக்குள் எதையோ தேடினார். தேடியது இருந்தது. நிமிர்ந்து சிவப்பு விளக்கைப் பார்த்தார். பதினொன்று இருபத்து நான்கு. உள்ளே போயிருந்தவர் எழுபத்தைந்து வயதுக்காரர், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நியாயம் பேசுகிறவர். விளக்கு இப்போதைக்கு அணையாது.

சொட்டக்கா இளைஞரின் ஆள்காட்டி விரலைப் பிடித்துப் போனுக்கு மேலே நிறுத்தினார். “இந்த இடத்துலதான் இருக்கு. விரலை ஆட்டாதீங்க. நான் உள்ள போய்ப் பட்டனை அமுக்கினதும் இருமுவேன். அப்ப நீங்களும் அமுக்குங்க.”

“உள்ளயா? விளக்கு எரியுதேக்கா” என்றேன் நான்.

“எனக்குக் கண்ணு தெரியுதுங்க” என்றார்.

அவர் கதவை நோக்கி நடந்தார். அந்த நேரம் பார்த்து எனக்குத் தொண்டையில் என்னவோ செய்தது. எவ்வளவு அடக்கியும் முடியவில்லை. இருமிவிட்டேன்.

“அமுக்கிட்டேன்கா!” என்றார் இளைஞர்.

சொட்டக்கா கைப்பிடியில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்த பார்வை, மருந்து விட்ட கண்ணுக்கும் தெளிவாகத் தெரிந்தது. “போன் ரெண்டு நிமிஷம் காத்திருக்கும். நீங்க வாயை மூடிட்டு இருங்க” என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார்.

கதவு முழுதாகச் சாத்தவில்லை. எல்லாமே கேட்டது.

“யாரு?”

“நான்தான் டாக்டர்.”

“வெளியில விளக்கு எரியலயா?”

“எரியுது டாக்டர்.”

“அப்புறம்?”

“ஒரு பட்டன் அமுக்கணும்.”

ஸ்டூலை இழுக்கிற சத்தம். “என்னையவா அமுக்கப் போறாங்க?” என்றது பெரியவரின் குரல். “மோவாயை எடுக்காதீங்க” என்றார் டாக்டர். பிறகு, குரலில் கோபத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “வைஃபைதானே? அவ்வளவு அவசரம்னா என்கிட்ட பாஸ்வேர்டைக் கேட்டிருக்கலாமே. அதுக்குக் கதவைத் திறக்கணுமா?” என்றார்.

“இப்பக் கேக்குறேன். சொல்லுங்க டாக்டர்.”

“பெரிய... இல்ல, சின்ன... இருங்க...” என்று டாக்டர் இரண்டு தரம் ஆரம்பித்துப் பாதியில் விட்டார். 

“சரி, அமுக்குங்க” என்றார் டாக்டர்.

“ஒன்னு” என்று சொட்டக்கா எண்ணுவது கேட்டது. இரண்டு கேட்கவில்லை. பிறகு ஓர் இருமல்.

அவர் ஓடி வந்து போனைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை, இளைஞருக்கும் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. “சேர்ந்துடுச்சு” என்றார். மூச்சு வாங்கியது. இளைஞர் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டார். பதினொன்று முப்பத்தொன்றுக்கு அது அடித்தது. அந்த ஒரு நிமிடத்தில் நான் இருமக்கூட இல்லை.

“குழந்தையோட அப்பாங்களா? அஞ்சு நிமிஷம்தான். பாருங்க, இதோ” என்றது ஒரு பெண் குரல்.

சொட்டக்கா பழக்கப்படி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இளைஞர் போனை மூக்கருகே கொண்டுபோனார். கை நீளத்துக்குத் தள்ளினார். மறுபடி கிட்டத்தில் வைத்தார். “வெள்ளையாத் தெரியுது சிஸ்டர். அது துணியா, பாப்பாவா?”

“பாப்பாதான். கையை ஆட்டுது பாருங்க.”

“ஆட்டுதா?” போன் முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருந்தது. “எந்தப் பக்கம் சிஸ்டர்? மூஞ்சி எந்தப் பக்கம்?” அவர் குரல் உடையத் தொடங்கியது. நான் என் செருப்பைக் குனிந்து பார்த்தேன். அதுவும் தெரியவில்லை.

டாக்டரின் அறைக் கதவு படாரென்று திறந்தது. சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. “யாருக்காக இந்தக் கூத்து? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்” என்றபடி வெள்ளைக் கோட்டு உருவம் ஒன்று எங்களை நோக்கி வந்தது.

சொட்டக்கா சுவரிலிருந்து திரும்பினார். டாக்டரைப் பார்க்காமலேயே, சற்றுப் பொறுங்கள் என்று ஒரு கையை அவர் பக்கம் நீட்டினார். இன்னொரு கையால், கிட்டத்தில் இருப்பதைப் படிக்கத் தான் போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் ஒரு துடை துடைத்து, இளைஞரின் மூக்கில் வைத்து, காதில் சொருகினார். முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்த போன் அப்படியே நின்றது.